மூன்று கப்பல், மூன்று எரிபொருள் அமைப்பு: நிலக்கரி ஓட்டத்துக்கு எதை வாங்குவது?

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய நண்பர் கூப்பிட்டார். ஒரு காலத்தில் ஒரே கப்பலில் அவர் செகண்ட் இன்ஜினியர், நான் தேர்ட். இப்போது ஒரு சிறிய கப்பல் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருக்கிறார். பாரதீப்பிலும் ஹால்தியாவிலும் நிலக்கரி ஏற்றி எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறக்கும் கரையோர ஓட்டத்துக்காக ஒரு பழைய கப்பலை வாங்கப் போகிறார்கள். புரோக்கர் மூன்றைக் காட்டியிருக்கிறார். மூன்றும் 57,000 டன்னை ஒட்டியவை, 2010 முதல் 2012-க்குள் கட்டியவை, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. "உடம்பு மூணுக்கும் பரவாயில்ல. என்ஜின்தான் ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி. நீ மூணுலயும் வேலை பாத்தவன், எதை எடுக்கட்டும் சொல்லு" என்றார்.

"ரெண்டு நாள் குடுங்கண்ணே" என்றேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கப்பலில் மேன் பி&டபிள்யூ 6எஸ்50எம்சி-சி. கேம்ஷாஃப்ட், அதாவது மேடு வைத்த சுழல் தண்டு, பம்புகளைத் தள்ளி ஓடும் பழைய வகை. இரண்டாவதில் வார்ட்சிலா ஆர்டி-ஃப்ளெக்ஸ்50, அதாவது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவாக ஒரே உயர் அழுத்தக் குழாய் வைத்த காமன் ரெயில். மூன்றாவதில் மேன் பி&டபிள்யூ 6எஸ்50எம்இ-பி. எரிபொருளை மின்னணு கவனிக்கும், எக்ஸாஸ்ட் வால்வைக் கேம்ஷாஃப்ட் கவனிக்கும். மூன்றும் டூ ஸ்ட்ரோக், மூன்றுக்கும் ஆறு சிலிண்டர், சிலிண்டர் விட்டம் 500 மில்லிமீட்டர். எண்ணெயை உயர் அழுத்தத்துக்கு ஏற்றி சிலிண்டருக்குள் அடிக்கும் விதத்தில்தான் பிரிகின்றன. அந்த ஒரு வித்தியாசம் எண்ணெய்ச் செலவு, உதிரிபாகச் செலவு, எந்த ஆளை வேலைக்கு எடுப்பது என்பது வரைக்கும் போகிறது.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்சி-சியின் முழுத்திறன் 127 சுற்றில் 9,480 கிலோவாட். பாதித் திறனுக்கு இறக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று. ஒரு கிலோவாட்-மணிக்கு 171 கிராம் எண்ணெய் என்று வைத்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் போக வேண்டியது ஏறத்தாழ 22 கிராம். பிஸ்டன் உச்சிக்கு வரும் சமயம், கிராங்க் ஒரு 20 டிகிரி திரும்புவதற்குள் அது உள்ளே போயாக வேண்டும். அதாவது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம். எண்ணெயோ தார் மாதிரி கெட்டியானது; 130, 140 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் பம்புக்கு ஏற்ற பதத்துக்கு வரும். உள்ளே ஏற்கெனவே 80, 100 பார் அழுத்தத்தில் தகிக்கும் காற்று நிற்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு பனிப்புகை போலச் சிதறிப் பரவ 600-லிருந்து 1000 பார் வரை அழுத்தம் வேண்டும். ஆயிரம் பார் என்றால் கடலில் பத்து கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம்.

எம்சி-சியில் இதைச் செய்வது ஜெர்க் பம்ப். சிலிண்டருக்கு ஒரு பம்ப். கேம் தள்ள, ரோலர் ஏற, பேரல் என்ற உருளைக்குள் பிளஞ்சர் என்ற தண்டு மேலே போய் எண்ணெயை அமுக்கும். 350 பார் அளவில், சிலிண்டருக்குள் எண்ணெயைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கும், எண்ணெய் பாயும். பிளஞ்சரின் பக்கவாட்டில் சாய்வாக வெட்டிய விளிம்பு துளையைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து பாய்ச்சல் நிற்கும். பிளஞ்சரை ராக் என்ற பற்சட்டம் எவ்வளவு திருப்புகிறதோ அதைப் பொறுத்து எண்ணெய் கூடும், குறையும். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவில் சில மைக்ரான் இடைவெளிதான். சீல் எதுவும் கிடையாது, அந்த நெருக்கம்தான் சீல். 1920-களில் ராபர்ட் போஷ் நிறுவனம் லாரிகளுக்காகத் தயாரித்த பம்பின் அதே தத்துவம், இங்கே ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது.

இதன் அழகு, எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பது. ராக் எத்தனையில் நிற்கிறது என்று பார்க்கலாம், பம்ப் உடம்பில் கை வைத்தால் துடிப்பு தெரியும், எந்தச் சிலிண்டர் மந்தம் என்பதைப் பழகிய காது சொல்லிவிடும். கோளாறு வந்தாலும் அந்தச் சிலிண்டரோடு நிற்கும்.

ஒரு முறை இங்கிலீஷ் கால்வாய்க்குள் நுழையும்போது இப்படி ஆனது. அந்தக் கடற்பகுதியில் 2015 முதல் 0.10 சதவீதத்துக்கு மேல் கந்தகம் உள்ள எண்ணெயை எரிக்கக் கூடாது. கனமான எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாறியாக வேண்டும். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் சூடு இறங்கக் கூடாது என்பது விதி. 130-லிருந்து 40-க்கு இறக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். எங்களுக்கு நேரம் நெருக்கியது, வால்வை அவசரமாகத் திருப்பிவிட்டோம். பேரல் சட்டென்று குளிர்ந்து சுருங்கியது, பிளஞ்சர் இன்னும் சூட்டில் இருந்தது. நான்காம் யூனிட், அதாவது நான்காம் சிலிண்டரின் பம்ப் இறுகிவிட்டது. என்ஜினை நிறுத்தி, அந்த ரோலரைக் கேமில் படாதபடி தூக்கி நிறுத்தி, ஐந்து சிலிண்டரில் நாலு மணி நேரம் ஓட்டி நங்கூரமிடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே புது பிளஞ்சர், பேரல் மாட்டினோம். லேப்டாப் வேண்டியிருக்கவில்லை. கரையிலிருந்து யாரும் வரவில்லை.

சரி, குறை என்ன? கேம் சுற்றும் வேகம்தான் அழுத்தம். என்ஜின் மெதுவாக ஓடினால் பிளஞ்சரும் மெதுவாக ஏறும், அழுத்தம் குறையும், எண்ணெய் பனியாகச் சிதறாமல் துளியாக விழும். அது முழுதாக எரியாது. புகை கறுக்கும், புகைச்சூட்டில் நீராவி தயாரிக்கும் எகானமைசரில் கரி படியும், பிஸ்டன் ரிங்கில் பிசுபிசுப்பு ஒட்டும். படிந்த கரி ஒருநாள் எகானமைசரிலேயே தீப்பிடிக்கும். பாய்ச்சல் எப்போது தொடங்க வேண்டும் என்பதும் கேமின் வடிவத்தில் செதுக்கியாகிவிட்டது. விஐடி என்ற ஏற்பாடு அதைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தும், அவ்வளவுதான். 2008-க்கு அப்புறம் எண்ணெயை மிச்சம் பிடிக்க உலகமே மெதுவோட்டத்துக்கு மாறியபோது இந்த என்ஜின்கள்தான் அதிகம் திணறின. ஸ்லைடு வகை இன்ஜெக்டர் போட்டால் பாதி நிவாரணம் கிடைக்கும். நுனியில் தேங்கி நின்று சொட்டும் எண்ணெய் அதில் இல்லாமல் போகிறது. முதல் கப்பலில் அது இருக்கிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொன்னேன். இருக்கிறதாம்.

இரண்டாவது கப்பலுக்கு வருவோம். ஆர்டி-ஃப்ளெக்ஸ் வேறு மாதிரி யோசித்த என்ஜின். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தனித்தனியாக அழுத்துவானேன், 1000 பார் வரை அழுத்திய எண்ணெயை ஒரு கனத்த குழாயில் எப்போதும் தயாராக வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் திறந்துவிட்டால் போதாதா? 1998-இல் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் முழு அளவு சோதனை என்ஜின் ஓடியது. 2001-இல் ஜிப்சம் சென்டினியல் என்ற சரக்குக் கப்பலில் முதல் என்ஜின் கடலுக்குப் போனது. 2006-இல் எம்மா மெர்ஸ்க் கப்பலின் 14 சிலிண்டர் ராட்சதனும் இதே குடும்பம்தான், 80,080 கிலோவாட்.

இதில் அழுத்தத்துக்கும் என்ஜின் வேகத்துக்கும் இருந்த கட்டு அறுந்துவிட்டது. நிமிடத்துக்கு இருபது, முப்பது சுற்றில் ஊர்ந்தாலும் ரெயிலில் அழுத்தம் அப்படியே நிற்கும், புகை தெரியாது. ஒரே சிலிண்டரின் இன்ஜெக்டர்களில் ஒன்றை மட்டும் மூடி, மற்றதில் நன்றாகச் சிதறவிடவும் முடியும். ஒரு பம்ப் போனாலும் மற்ற பம்புகள் ரெயிலை நிரப்பும், எந்தச் சிலிண்டரும் நிற்காது. இது ஜெர்க் பம்பில் கிடைக்காத வசதி. மெதுவோட்டத்தில் இதனோடு வேலை பார்த்த ஒவ்வொரு நாளும் எனக்கு இதன்மீது மரியாதை கூடியது.

ஆனால் இதற்கு 200 பாரில், வால்வுகளை இயக்கத் தனியாக ஒரு சர்வோ ஆயில் அமைப்பு, மில்லி நொடிகளில் திறந்து மூடும் ரெயில் வால்வுகள், கிராங்க் கோணத்தைப் படிக்கும் சென்சார்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கட்டுப்பாட்டு அட்டை எல்லாம் வேண்டும். சிங்கப்பூர் நெருங்கும்போது ஒருதரம் ஒரு சிலிண்டர் செத்தது. ரெயில் வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. ரெயிலின் அழுத்தத்தை இறக்கி, உதிரியை மாட்டி, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். இன்னொரு பயணத்தில் அதே அறிகுறி வந்தது, போனது, மறுபடி வந்தது. வால்வை மாற்றினோம், அட்டையை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். இரண்டு நாள் கழித்து, சூட்டிலும் அதிர்விலும் தளர்ந்துபோன ஒரு கனெக்டர் கையில் அகப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது கப்பலின் எலக்ட்ரிகல் ஆபீசர். அவர் இல்லையென்றால் நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்திருப்போம்.

வயதும் ஒரு பிரச்சினை. அந்தக் காலத்து ஆர்டி-ஃப்ளெக்ஸ் என்ஜின்களை ஓட்டுவது வெக்ஸ்-9520 என்ற கட்டுப்பாட்டு அமைப்பு. அந்த வரிசைக்கு அடுத்த தலைமுறை வந்து நெடுநாளாயிற்று. வார்ட்சிலாவின் டூ ஸ்ட்ரோக் தொழிலும் 2015-இல் வின்ஜிடி என்று பிரிந்துவிட்டது. உதிரி கிடைக்கும், ஆனால் பதினைந்து வயதான ஒரு மின்னணு அட்டையை நம்பி இன்னும் எட்டு வருடம் ஓட்டப் போகிறோம் என்பதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது எம்இ-பி. மேன் நிறுவனம் காமன் ரெயில் பக்கம் போகவில்லை. ஜெர்க் பம்பின் பிளஞ்சரையே வைத்துக்கொண்டு, அதைத் தள்ளும் வேலையைக் கேமிடமிருந்து பிடுங்கி ஹைட்ராலிக் எண்ணெயிடம் கொடுத்தது. 300 பார் வரை ஏறிய ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ள, அதோடு சேர்ந்த சிறிய பிளஞ்சர் எரிபொருளைப் பல நூறு பாருக்கு ஏற்றுகிறது. எப்போது தள்ள வேண்டும், எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை ஒரு மின்னணு வால்வு தீர்மானிக்கிறது. எரிபொருள் உயர் அழுத்தத்தில் இருப்பது பாய்ச்சும் அந்த நொடித்துளி மட்டும்தான். பெரிய எம்இ-சியில் எக்ஸாஸ்ட் வால்வும் மின்னணுதான். எம்இ-பியில் அதைச் சின்ன கேம்ஷாஃப்ட் கவனித்துக்கொள்வதால், கெட்டுப்போகக்கூடிய பொருள்களின் எண்ணிக்கை குறைவு. இரண்டு சிலிண்டருக்கு ஒரு ஹைட்ராலிக் தொகுதி. மின் மோட்டார் ஓட்டும் இரண்டு ஹைட்ராலிக் பம்ப், ஒன்று போனால் மற்றதை வைத்து வேகம் குறைத்து ஓட்டலாம். மூன்றில் இதுதான் நடுவழி. கேமிலிருந்து வந்த ஆளுக்கும் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

இப்போது பணம். மின்னணு என்ஜின் பாதி லோடில் கிலோவாட்-மணிக்கு 3 கிராம் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதித் திறன் 4,740 கிலோவாட். ஒரு நாளைக்கு 340 கிலோ, ஏறக்குறைய மூன்றில் ஒரு டன். தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே, இந்தோனேசியா என்று வருடம் 250 நாள் கடலில் ஓடும் கப்பலுக்கு அது 85 டன். எட்டு வருடத்துக்குப் பெருக்கினால் எந்தக் கணக்காளரும் மின்னணுவைத்தான் எடுக்கச் சொல்வார், நானும் அதையே சொல்வேன்.

நண்பரின் ஓட்டம் அப்படி இல்லை. பாரதீப்பிலிருந்து எண்ணூருக்கு இரண்டு நாள். ஏற்ற இரண்டு நாள், இறக்க இரண்டு மூன்று நாள், நடுவில் வெளி நங்கூரத்தில் முறைக்காகக் காத்திருப்பு. வருடத்துக்கு 120, 130 நாள் ஓடினாலே பெரிது. மிச்சம் நாற்பது டன்னை ஒட்டி வந்து நிற்கும். ஓரிரு மின்னணு வால்வும், ஒரு முறை கரையிலிருந்து வரவழைக்கும் சர்வீஸ் இன்ஜினியரின் கட்டணமும் பயணச் செலவும் சேர்ந்தால் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இந்த ஓட்டத்தில் துறைமுகத்துக்குள் நுழைவதும் வெளியேறுவதும் அதிகம். நின்று, கிளம்பி, முன்னே, பின்னே என்று மாறிக்கொண்டே இருக்கும் நேரம் அதிகம். அதில் மின்னணு என்ஜின்தான் சுகம். எம்சி-சியில் பின்னோக்கி ஓட்ட ஒவ்வொரு பம்பின் ரோலரும் காற்றழுத்தத்தில் நகர்ந்து மறுபக்கம் உட்கார வேண்டும். ஒன்று பாதியில் நின்றால் அந்தச் சிலிண்டர் பற்றாது. ரிவர்சிங் சிலிண்டர்களைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முன்னால் முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தால் இந்தத் தொல்லை வராது. ஒருவர் அரைமணி நேரம் செலவழித்தால் போதும்.

தீ விஷயத்தில் மூன்றையும் ஒரே தட்டில்தான் வைக்கிறேன். எந்த என்ஜினாக இருந்தாலும் உயர் அழுத்தக் குழாய் இரட்டைச் சுவரோடு இருக்க வேண்டும், உள்குழாய் விரிசல் விட்டால் கசிவு தொட்டிக்குப் போய் அலாரம் அடிக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. 1998 ஜூலைக்குப் பின் கட்டிய கப்பல்களுக்கு அப்போதிருந்தே, பழைய கப்பல்களுக்கு 2003 ஜூலை முதல். 220 டிகிரிக்கு மேல் சூடாகும் எந்தப் பரப்பையும் மூடி வைக்க வேண்டும். ஜெர்க் பம்ப் குழாய் ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்கிக் களைக்கும். ரெயிலில் அழுத்தம் சீராக இருப்பதால் களைப்பு குறைவு, ஆனால் எந்நேரமும் ஆயிரம் பார் காத்துக்கொண்டே இருக்கும். புதுப் பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றே: கசிவு எங்கே என்று கையை வைத்துத் தேடாதே. ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உடனே அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரல் போகலாம், கையே போகலாம். நடுக்கடலில் அறுவை சிகிச்சைக்கு எங்கே போவது?

எண்ணெயின் தரமும் மூன்றுக்கும் ஒரே எதிரி. 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்க 0.50 சதவீதக் கந்தகம்தான். சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கித் துகள்கள் கனமான எண்ணெயில் கலந்து வரும். அவற்றிலுள்ள அலுமினியமும் சிலிக்கானும் கண்ணாடித்தூள் மாதிரி பிளஞ்சரைச் சுரண்டும். கப்பலுக்கு வரும் எண்ணெயில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம், என்ஜினுக்குள் போகும்போது 15-க்குக் கீழே இருக்க வேண்டும். நடுவில் இருப்பது, 98 டிகிரியில் எண்ணெயைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் மட்டும். அது சரியில்லையென்றால் மூன்று என்ஜினும் ஒன்றுதான். தேய்ந்த ஜெர்க் பம்ப் பிளஞ்சர் ராக் ஏறுவதைக் காட்டி முன்கூட்டியே எச்சரிக்கும், அதோடு ஒரு பிளஞ்சரை மாற்றினால் வேலை முடிந்தது. ரெயில் வகையில் பம்ப், அளக்கும் பிஸ்டன், இன்ஜெக்டர் என்று துகள் போகிற வழி முழுக்க விலை உயர்ந்த பொருள்கள்.

கடைசியாக ஆள். அந்த நிறுவனத்தில் மொத்தமே நாலு கப்பல், எல்லாம் கேம்ஷாஃப்ட் வகை. இருக்கும் சீஃப் இன்ஜினியர்கள் அதிலேயே வளர்ந்தவர்கள். எலக்ட்ரிகல் ஆபீசரை எல்லாக் கப்பலிலும் வைப்பதில்லை. அந்தக் கப்பல்களில் மாட்டக்கூடிய பிளஞ்சரும் இன்ஜெக்டரும் ஸ்டோரில் இருக்கின்றன. ஒரே ஒரு மின்னணுக் கப்பலுக்காகத் தனி உதிரி, தனிப் பயிற்சி, தனி ஆள் என்றால் அது விலைப்பட்டியலில் தெரியாத செலவு.

மூன்றாம் நாள் கூப்பிட்டு, "எம்சி-சியை எடுங்கண்ணே" என்றேன். வெளிநாட்டு ஓட்டம்தான் முக்கியம் என்று திட்டம் மாறினால் எம்இ-பி. அங்கே 2023-இலிருந்து கார்பன் தரக்குறியீடும் வந்துவிட்டது, வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும், மெதுவோட்டத்தில் கேம் என்ஜின் தோற்கும். ஆர்டி-ஃப்ளெக்ஸை நான் விரும்புகிறேன், ஆனால் அது இந்த நிறுவனத்துக்கு இல்லை. பத்து ஃப்ளெக்ஸ் வைத்திருக்கும் ஒருவர் பதினோராவதாக வாங்கட்டும்.

கப்பலைப் பார்க்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும் என்றும் கேட்டார். ஆறு பம்பின் ராக் எண்ணையும் ஒரே லோடில் எழுதிக்கொள்ளுங்கள், கப்பலைக் கட்டி ஒப்படைத்த காலத்துச் சோதனை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். எண்ணெய் சூடாக இருக்கும்போது என்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். பிளஞ்சர் தேய்ந்திருந்தால் சூட்டில் எண்ணெய் வழிந்து கிளம்ப அடம்பிடிக்கும். இரட்டைக் குழாயின் கசிவு அலாரத்தை உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பல கப்பல்களில் அதைப் பெயின்ட் அடித்தே மூடியிருப்பார்கள். அப்புறம் பியூரிஃபையர் அறைக்குப் போய், வெப்பநிலை 98-ஐத் தொடுகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்.

போன வாரம் பாரதீப்பில் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்து பம்ப் ஒரே மாதிரி நிற்கிறது, இரண்டாம் யூனிட் மட்டும் நாலு எண் கூடுதலாம். ஒரு பிளஞ்சர், பேரல் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசச் சொல்லியிருக்கிறேன்.